அசையாத காந்தாரம்

கடியப்பட்டணம்
6 அக்டோபர் 2024

என் அருமை அக்கா,

மரியே வாழ்க. நான் சுகம். அப்பாவும் சுகம், மழைக்கு முன்னால் மூச்சு வாங்குவது மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி, ஆனாலும் காலைப் பூசையை விடுவதில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? பனங்கற்கண்டு அனுப்பினால் உங்கள் மடத்து மதர் உன் கையில் தருவாரா, பொதுப் பாத்திரத்தில் போட்டுவிடுவாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

எனக்கு வேலைக்குக் குறைவில்லை. சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் நம் மைக்செட்தான். திருவிழா இல்லாத நாளில் மாடி அறையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து என் சொந்த வேலையைப் பார்க்கிறேன். தம்புரா ஒலியை எட்டு மடங்கு மெதுவாக்கி, அடியில் நம் பாறையில் அலையடிக்கிற சத்தத்தைப் போட்டு, சிந்தசைசரை மூச்சு மாதிரி விட்டுவிட்டு வரவைத்துப் புதிதாக ஒன்று செய்திருக்கிறேன். இதற்கு ஆம்பியன்ட் என்று பெயர். அப்பா இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஏலே, பாட்டு எப்பம் தொடங்கும்?" என்றார்.

நீ பாடிய காலத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான் என்ன சத்தம் போட்டாலும் நடுவில் உன் ராகம் இருந்தது. இப்போது நடுவில் ஒன்றுமில்லை. குறை சொல்லவில்லை, அக்கா. கார்மேல் மடத்துக் கம்பித் தடுப்புக்கு உள்ளே போனவளை மேடைக்குக் கூப்பிடுகிற தைரியம் எனக்குக் கிடையாது.

அம்மா அறிய விரும்புவது ஒன்றுதான்: நித்திய வார்த்தைப்பாடு எப்போது? அதைக் கொடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேதான் என்று அவளுக்குத் தெரியும். தேதி வரட்டும் என்று கேட்கிறாளா, வராமல் இருக்கட்டும் என்று கேட்கிறாளா என்பது எனக்கு விளங்கவில்லை.

உன் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

தம்பி
அஜின்

இயேசு மரி சூசை
கார்மேல் மடம்
27 அக்டோபர் 2024

அன்புத் தம்பி அஜினுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இருமல் விட்டுவிட்டது. பனங்கற்கண்டு பொதுப் பாத்திரத்துக்குத்தான் போகும். பதினெட்டுப் பேர் இருக்கிறோம், அதனால் தாராளமாக அனுப்பச் சொல். அப்பாவை மழையில் கடற்கரைக்குப் போக விடாதே.

தேதி வந்துவிட்டது. மே மாதம் முதல் தேதி, சூசையப்பர் திருநாள். அப்பா, அம்மா, நீ மூவரும் வரலாம். ஊர்க்காரர்களும் வரலாம். வெளிக்கோயிலில் இருந்து பார்க்கலாம்.

அதற்கு முன், ஏன் இங்கே வந்தேன் என்று ஒரு பக்கம் எழுதி மதரிடம் கொடுக்க வேண்டும். இதுவரை யார் கேட்டாலும் "கூப்பிட்டார், வந்தேன்" என்று முடித்துவிடுவேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். உனக்குச் சொல்லாததை மதருக்குச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் நாம் செய்த கச்சேரி நினைவிருக்கிறதா? 2015 ஆகஸ்ட். கடைசியாகத் தோடி ராகம். மற்றப் பாட்டுகளில் என் குரலை உன் கருவிகளில் போட்டு நீ என்னவெல்லாமோ செய்தாய். தோடியில் மட்டும் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாய். ஆலாபனையில் காந்தார சுரத்துக்கு வந்தபோது என் தொண்டை அடைத்துவிட்டது. அன்று காலையிலிருந்தே எனக்குக் காரணமில்லாத பயம். தொண்டை நின்றது எனக்கு நன்றாகத் தெரியும், அஜின். ஆனால் குரல் நிற்கவில்லை. காதில் மாட்டியிருந்த கருவியில் என் காந்தாரம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. தோடிக் காந்தாரம் எப்போதும் அசைந்துகொண்டுதான் இருக்கும். நேராக நின்றால் அது தோடியே இல்லை. அன்று அது அசையாமல் நின்றது. யாருடைய தொண்டையிலும் அப்படி நின்று நான் கேட்டதில்லை.

நான் பாடவில்லையென்றால் பாடியது யார்? ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே எனக்கு முடிவு வந்துவிட்டது.

சிரிக்காதே. இதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

உன் அக்கா
ஷெர்லி (இங்கே சகோதரி மரிய கிளாரா)

கடியப்பட்டணம்
14 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

மழை விடவில்லை. தேதியை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வருடக் காலண்டர் இன்னும் வரவில்லையே என்று கோயில் அலுவலகத்தில் போய் எப்படியோ ஒன்று வாங்கி வந்துவிட்டாள். மே ஒன்றாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. ஊரிலிருந்து ஒரு பஸ் பிடிக்கவேண்டுமாம். பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. ஜாஸ்பின் மாமி இப்போதே சேலை எடுத்துவிட்டாள்.

எனக்கு ஓயாத வேலை. ஜெனரேட்டர் பழுது. பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டாய். வேறு விசேஷம் இல்லை. பனங்கற்கண்டு ஐந்து கிலோ தனியாக வருகிறது.

அன்புடன்
அஜின்

இயேசு மரி சூசை
கார்மேல் மடம்
28 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். பனங்கற்கண்டு வந்து சேர்ந்தது. பதினெட்டுப் பேரின் நன்றியையும் அம்மாவிடம் சொல். நான் சுகமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தில் மழை இருந்தது, ஜாஸ்பின் மாமியின் சேலை இருந்தது, நண்டு இருந்தது. நான் எழுதியதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது வருடம் வாயைத் திறக்காதவள் திறந்தால், நீ ஸ்பீக்கருக்குள் நண்டு என்கிறாய். பயந்துபோனால்தான் நீ தமாஷ் பேசுவாய் என்பது எனக்குத் தெரியாதா? என்ன பயம் உனக்கு? அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றா? மதர் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார் என்று கூச்சமா? அவர் உன் கடிதம் வந்தால் சிரிப்பதற்காகவே முதலில் பிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. வழக்கம்போல் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் வராது, நாங்களும் எழுதமாட்டோம். அதற்குள் யோசித்து ஒழுங்கான பதில் எழுது.

ஷெர்லி

கடியப்பட்டணம்
2 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். அம்மா உன் பங்குக்கும் சேர்த்து முந்திரிக்கொத்து சுட்டு, உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி வந்து போனது. இப்போது சுகம்.

திருவட்டாறில் ஒரு கல்யாணத்துக்கு ஒலியமைக்கப் போன இடத்தில் நாராயணபெருமாள் சாரைப் பார்த்தேன். உனக்குப் பாட்டுச் சொல்லித் தந்த கையால் எனக்கு ஒரு தட்டுத் தட்டினார். உன்னை விசாரித்தார். மே ஒன்றாம் தேதி அவரும் வருவாராம். வேறு ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை.

உனக்குப் புத்தி பேதலித்ததாக நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்தால் எனக்கு நல்ல சாவு வராது. உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

சும்மா ஒரு கேள்வி. அந்தச் சாயங்காலம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், அதாவது நீ தொண்டை அடைத்து அப்படியே நின்றுபோயிருந்தால், நீ அங்கே போயிருப்பாயா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி
அஜின்

இயேசு மரி சூசை
கார்மேல் மடம்
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். குளிர் அதிகம், விரல் வெடித்திருக்கிறது, மற்றபடி சுகம். அப்பாவுக்கு ஆவி பிடிக்கச் சொல்.

உன் கேள்விக்குப் பதில்: போயிருக்கமாட்டேன்.

பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டு, உன்னோடு கச்சேரி செய்துகொண்டு, அம்மா பார்த்த மாப்பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்திருப்பேன். அந்தக் காந்தாரம்தான் என்னைக் கிளப்பியது. எந்த மடம் என்று தேடியபோதுகூட, இவர்கள் வேதப் புத்தகத்துச் சங்கீதங்களை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சுரத்தில் செபிக்கிறவர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இங்கே வந்தேன். தினமும் ஏழு தடவை அந்த ஒரே சுரத்தில் நிற்கிறேன்.

எல்லா நாளும் இனிப்பாக இருக்கும் என்று நினைக்காதே. ஆண்டவர் இருக்கிறாரா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் போகும். மூன்றாம் வருடம் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்போதெல்லாம் அந்தச் சாயங்காலத்தை நினைப்பேன். ஒருமுறை வந்தவர் மறுபடி வருவார் என்று இருந்துவிடுவேன். மதர் நான் எழுதிக்கொடுத்த பக்கத்தைப் படித்துவிட்டு மடித்துத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஏன் கேட்டாய்? சும்மா கேட்கிற ஆள் இல்லை நீ. மார்ச் ஐந்து சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். அன்றிலிருந்து வருகிற கடிதம், மரணச் செய்தியாக இல்லாவிட்டால், ஈஸ்டர் வரை மதரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். எழுத வேண்டியதை அதற்குமுன் எழுது.

அக்கா
ஷெர்லி

கருங்கல்
1 மார்ச் 2025, சனி

அக்கா,

மரியே வாழ்க. வீட்டில் எல்லாரும் சுகம். நான் சுகமில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று ஒரு திறப்பு விழாவுக்கு ஒலியமைக்க வந்த இடத்தில், தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிறுத்தினால் மறுபடி கிழித்துவிடுவேன்.

அந்தக் காந்தாரத்தை அசையாமல் நிற்கவைத்தது நான்.

என் காலடியில் ஒரு பெடல் இருந்தது. அந்தக் கணத்தின் சத்தத்தைப் பிடித்து, மிதித்திருக்கும் வரை அப்படியே ஒலிக்கவைக்கும். மற்றப் பாட்டுகளுக்காக வைத்திருந்தேன். தோடியில் நீ காந்தாரத்துக்கு வந்ததும் உன் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன், குரல் பிளக்கப்போகிறது என்று தெரிந்தது. கால் தானாகப் போய்விட்டது. உன் குரலின் ஒரு துண்டைப் பிடித்தேன். துண்டு அசையாது, அதனால்தான் அது நேராக நின்றது. உன் மைக் வெளியே கேட்காதபடியும், உன் காதுக்குப் போகாதபடியும் அடைத்தேன். நீ மூச்சைத் திரட்டிக்கொண்டு கையை உயர்த்தியதும் மைக்கைத் திறந்து காலை எடுத்தேன். பத்தொன்பது விநாடி. எழுபது பேர் இருந்த கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருவரைத் தவிர. நாராயணபெருமாள் சார் அன்று வந்திருந்தார். திருவட்டாறில் பார்த்தபோது ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை என்று எழுதினேனே, அது பொய். என் காதைப் பிடித்து, "எடே, அண்ணைக்குத் தோடிக் காந்தாரத்தை ஆணியடிச்சு நிறுத்துனது நீதானே? அவளுக்குத் தெரியுமாடே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்பம் நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அன்றைக்கே பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, முகமெல்லாம் வெளிச்சமாக உட்கார்ந்திருந்தாய். கச்சேரி நன்றாகப் போன சந்தோஷம் என்று நினைத்தேன். வாக்கை மீறியதைச் சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். அடுத்த வருடம் நீ மடத்துக்குக் கிளம்பியபோதுகூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உன் அக்டோபர் கடிதத்தைப் படித்த அன்றுதான் இரண்டும் சேர்ந்தன.

சொன்னால் நீ பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே பிடி போய்விடும். சொல்லாவிட்டால் என் காலடியில் கிடந்த பெடலுக்கு நீ ஆயுளைக் கொடுத்துவிடுவாய். நீ திரும்பி வரவேண்டும் என்கிற ஆசையும் உள்ளே இருந்துகொண்டு சொல் சொல் என்கிறதோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது. அதனாலேயே இத்தனை நாள் வாயைத் திறக்கப் பயந்தேன்.

விரைவுத் தபாலில் போடுகிறேன். திங்கள் வந்துவிடும், அதிகம் போனால் செவ்வாய். உடனே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அஜின்

கடியப்பட்டணம்
8 மார்ச் 2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. சுகம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமைத் தபால் பை நான் எழுதி முடிக்கும் முன்னே போய்விட்டதாம். தபால் எங்கே போகிறது என்று போனில் பார்த்தேன். கடிதம் உங்கள் மடத்தில் சேர்ந்தது மார்ச் ஐந்து, புதன், பகல் பதினொன்று இருபது. நீங்கள் நெற்றியில் சாம்பல் வாங்கியிருப்பீர்கள். இதையும் ஈஸ்டர் வரை நீ படிக்கமாட்டாய். தெரிந்தும் எழுதுகிறேன், வேறு என்ன செய்ய?

மதர் அவர்களுக்கு: மரணச் செய்தியோ என்று நீங்கள் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். போன கடிதத்தைப் படித்திருப்பீர்கள். தயவுசெய்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். இதுவும் ஒரு மரணச் செய்தி மாதிரிதான், மதர். தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

அஜின்

கடியப்பட்டணம்
6 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. முந்தாநாள் அங்கே வந்தேன். வெளிவாசலில் சாமான் உள்ளே அனுப்ப மரத்தாலான சுழல்பெட்டி இருக்கிறதே, அதன் பின்னாலிருந்து ஒரு சகோதரி பேசினார். முகம் தெரியவில்லை. அவசரம் என்றேன். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஈஸ்டருக்குப் பிறகு வாருங்கள், உங்களுக்காகச் செபிக்கிறோம் என்றார். அவ்வளவு பாசமாகச் சொன்னால் எப்படிச் சண்டை போடுவது?

வெளிக்கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்தேன். உள்ளே நீங்கள் சங்கீதம் சொல்கிற சத்தம் கேட்டது. பதினெட்டுப் பேரும் ஒரே சுரம். அதில் நீ எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தத்தைப் பிரித்துக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன், என் அக்காவின் குரல் எனக்குத் தெரியவில்லை. அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இங்கே பஸ்ஸில் இடம் நிறைந்துவிட்டது. அம்மா உனக்காக வெள்ளைப் பூவில், கிரீடம் மாதிரித் தலையில் வைக்க, ஒரு பூமுடி கட்டச் சொல்லியிருக்கிறாள். "கடைசியா ஒரு நாளாவது எனக்க மொவளுக்கு நான் பூ வைக்கண்டாமா?" என்கிறாள். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அப்பா கவனித்துவிட்டார். காதல் தோல்வி என்று நினைக்கிறார்.

ஈஸ்டருக்கும் மே ஒன்றுக்கும் நடுவில் பத்தே நாள்தான் இருக்கிறது.

அஜின்

இயேசு மரி சூசை
கார்மேல் மடம்
22 ஏப்ரல் 2025

அஜினுக்கு,

உயிர்ப்பு வாழ்த்து. உடம்புக்குச் சுகம்.

நேற்றுக் காலை மூன்று கடிதங்களையும் மதர் சேர்த்துத் தந்தார். தேதிப்படி படித்தேன். படித்துவிட்டுத் தோட்டத்தில் போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே ஊற்றிய பாத்திக்கே ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

எனக்குக் கோபம். உன்மேல் கோபம். தோடியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டாய். பிறகு பத்து வருடம் வாயை மூடிக்கொண்டாய். குரல் பிளந்து, அந்த எழுபது பேர் முன்னால் நான் அவமானப்பட்டு நின்றிருந்தால் அது என்னுடைய அவமானமாக இருந்திருக்கும். அதையும் எடுத்துக்கொண்டாய். மூன்றாம் வருடம் கட்டிய பெட்டியை உன் பெடலை நம்பித்தான் அவிழ்த்திருக்கிறேன்.

மதர்மேலும் கோபம். சாம்பல் புதனிலிருந்து அவருக்குத் தெரியும். தினமும் என் எதிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு வார்த்தைப்பாட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார். கேட்டேன். "விதியை மீற எனக்கும் ஆசை வந்தது, மகளே. ஆனால் நல்லது செய்கிறோம் என்று மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உன் தம்பியின் கடிதம் என் கையிலேயே இருந்தது" என்றார். அவருக்கும் தூக்கம் இல்லாமல் கண் குழிந்திருக்கிறது. இனி யார்மேல் கோபப்படுவது?

அன்று பாடியது ஆண்டவர் இல்லை. சரி. ஆனால் ஒன்று உன் பெடலுக்கு எட்டாது. தொண்டை அடைத்தவுடன் நான் செபித்தேன். "ஆண்டவரே, என்னைக் கைவிடாதேயும்" என்று முணுமுணுத்தேன். உதடு அசைந்தது நினைவிருக்கிறது. அதை நீ செய்யவில்லை. அது மட்டும் நிஜமென்றால் எனக்குப் போதும், மே ஒன்றாம் தேதி நான் நிற்பேன்.

என் மைக்கை மட்டும் தனியாகப் பதிவு செய்துவைப்பது உன் வழக்கம், பிறகு போட்டுக் காட்டி என்னைக் குறை சொல்வதற்காக. அன்றையது இருக்கிறதா? வெளியே அடைத்தாலும் அதில் பதிவாகியிருக்கும் அல்லவா? எனக்கு அது வேண்டும். அலுவலக அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மதர் அனுமதி தந்துவிட்டார்.

ஷெர்லி

கடியப்பட்டணம்
24 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. எல்லாரும் சுகம்.

பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. பென் டிரைவில் போட்டிருக்கிறேன். தோடி தொடங்கி முடியும் வரை, உன் மைக் மட்டும். தம்புரா இல்லை, கடல் இல்லை, நான் இல்லை. ஒரு இடத்தையும் சரிசெய்யவில்லை.

நான் கேட்கவில்லை. அன்று என் ஹெட்போனில் வெளியே போகிற சத்தம் மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகும் இதைத் திறந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பதினோராவது நிமிடத்தில் அந்த இடம் வரும். உன் செபம் அதில் இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். நீ இங்கே வராவிட்டாலும் சரி.

அஜின்

இயேசு மரி சூசை
கார்மேல் மடம்
29 ஏப்ரல் 2025

என் தம்பி அஜினுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் இதை முதலில் சொல்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே, பஸ் வேண்டாம் என்ற சேதி உங்களுக்கு வந்திருக்கும். மதர் பங்குச் சாமியாருக்குப் போன் செய்துவிட்டார். என்ன காரணம் என்று அவருக்குச் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் அலுவலக அறையில் நானும் மதரும் உட்கார்ந்து கேட்டோம். துணைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் என் குரல் மட்டும். இவ்வளவு சின்னக் குரலா எனக்கு என்று இருந்தது. ஆனால் சுருதி தப்பவில்லை. நாராயணபெருமாள் சாரிடம் சொல். பதினோராவது நிமிடத்தில் காந்தாரத்தைப் பிடித்தேன், அது அசைய வேண்டிய மாதிரி அசைந்தது, பிளந்தது, நின்றது. இரண்டு மூச்சுக் கேட்டது. பிறகு நான் பேசுவது கேட்டது. மதருக்கு நம் ஊர்ப் பேச்சு புரியவில்லை, மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை போட்டோம்.

"ஏலே அஜினே, என்னெ விட்டிராத."

அவ்வளவுதான். ஆண்டவரும் இல்லை, கைவிடாதேயும் இல்லை. வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால், ஆண்டவரைக் கூப்பிட்டேன் என்றுதான் செய்திருப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் எப்போதோ என் மனசு பெயரை மாற்றிவைத்துக்கொண்டது. மதருக்கு விளக்கிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

போன கடிதத்தில், என் அவமானத்தையும் எடுத்துக்கொண்டாய் என்று எழுதினேன். பேனா எடுத்து அந்த வரியை அடித்துவிடு. விட்டுவிடாதே என்று கேட்டேன், நீ விடவில்லை. உன் காதில் விழாமலே வந்தாய். இதற்காகப் பத்து வருடம் ஒளிந்து திரிந்தாயே, பைத்தியக்காரா.

இன்று காலை மதரிடம் போய், "மதர், நான் அவரை இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாதவர் வந்தார் என்று சொல்லிக்கொண்டு எப்படி வார்த்தைப்பாடு கொடுப்பது?" என்றேன். இன்னும் ஒரு வருடம் தள்ளிவைக்க விதி இடம் தருகிறது. கேட்டு வாங்கிக்கொண்டேன். பெட்டி கட்டவில்லை. அதே அறை, அதே தோட்டம், அதே ஏழு வேளை. எனக்குப் பயமாக இருக்கிறது, அஜின். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் செபிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் நீயே சொல். எப்படிச் சொன்னாலும் அழுவாள், அழட்டும். கட்டச் சொன்ன பூமுடியைக் கோயிலில் மாதாவுக்கு வைக்கச் சொல். அப்பாவிடம் உனக்குக் காதல் தோல்வி இல்லை என்பதையும் சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த ஒரு வருடம் நான் ஆண்டவரைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன். வரவில்லையென்றால் உன்னைக் கூப்பிடுகிறேன். நீ வருவாய், எனக்குத் தெரியும்.

உன் அக்கா
ஷெர்லி